கண்ணை மூடினால் சாய்கிறது, படுத்தால் சுற்றுகிறது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொருக்குப்பேட்டை மகள்:

நம் பக்கத்தில் யார் தடுமாறினாலும் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. பகலில் தனியாக மார்க்கெட் போய் வருவார், ரேஷன் கடை வரிசையில் நிற்பார், ஒன்றும் ஆகாது. முகம் கழுவும்போது மட்டும் சாய்வார். சோப்பு போட்டுக் கண்ணை மூடியவுடன் உடம்பு முன்னால் போகும், கை குழாயைத் தேடும். ராத்திரி கரண்ட் போனாலும் இதே நிலைதான்.

டாக்டர் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றார். கண்ணை மூடச் சொன்னார். சில நொடிகளில் உடம்பு ஆடத் தொடங்கியது, டாக்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த சோதனையாம் இது. அப்புறம் இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிரும் இரண்டு முனை உலோகக் கருவியை, அதிர வைத்துக் கால் கட்டைவிரலில் வைத்தார். அம்மாவுக்கு அந்த அதிர்வு தெரியவில்லை. உள்ளங்காலில் நைலான் இழையால் 10 கிராம் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். பல இடங்களில் அதுவும் தெரியவில்லை.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளைக்கு மூன்று பக்கமிருந்து சேதி போகிறது: கண், உள்காது, அப்புறம் பாதம், கணுக்கால், கழுத்து போன்ற இடங்களின் தோலும் தசையும் மூட்டும். மூன்றையும் மூளை சேர்த்துப் பார்க்கிறது. எது தெளிவாக இருக்கிறதோ அதை அதிகம் நம்புகிறது. சர்க்கரையால் அம்மாவின் கால் நரம்புகள் மங்கிவிட்டதால், அந்தக் குறையைக் கண் ஈடுகட்டி வந்திருக்கிறது. கண்ணை மூடினால் உள்காது மட்டுமே மிச்சம். அது போதவில்லை.

காரணம் தெரிந்ததும் வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. குளிக்க ஸ்டூல் போட்டோம். எங்களுக்கு பாத்ரூம் வெளியே இருக்கிறது, தண்ணீர் லாரி வரும் நாளில் வழியெல்லாம் குடமாக நிற்கும். அந்த வழியைக் காலி செய்துவிட்டு, விடிய விடிய எரிகிற சின்ன விளக்கு மாட்டினோம். முகம் கழுவும்போது இடது கையின் ஒரு விரலைச் சுவரில் வைக்கச் சொன்னார் டாக்டர். சாய்ந்துகொள்ளக் கூடாதாம், தொட்டால் போதுமாம். விரல் நுனி அசையாத ஒரு பொருளை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே, உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்ற சேதி மூளைக்குக் கிடைத்துவிடுகிறது. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். அம்மாவின் ஆட்டம் குறைவதைக் கண்ணால் பார்த்தேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், தினமும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் தனி வேலை.

காசிமேடு விசைப்படகு:

அக்கா, எங்களுக்கு இது தலைகீழ். கடலில் ஒன்றும் செய்யாது. நாள் கணக்கில் தங்கிவிட்டுக் கரை ஏறினால்தான் தரை ஆடும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது ரொம்பத் தெரியும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

புதுப் பையன்கள் படகில் கீழே படுத்துக்கொண்டு வாந்தி எடுப்பார்கள். மேலே கூப்பிட்டு, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருடா என்போம். கீழே இருக்கும்போது காது ஆடுகிறது என்கிறது, கண் பலகையைப் பார்த்து ஆடவில்லை என்கிறது. மேலே வந்தால் இரண்டும் ஒன்றையே சொல்லும்.

இன்னொன்று கவனித்திருக்கிறேன். வலை இழுக்கக் கை போவதற்கு முன்னாலேயே கெண்டைக்கால் இறுகிவிடும். நான் நினைத்து இறுக்குவதில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது முடிந்து போகிற முதல் நாள் இத்தனை வருடப் பழக்கம் இருந்தும் எனக்கே குமட்டுகிறது. ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம் வாசகி:

எனக்குப் படுக்கையில் வலது பக்கம் புரண்டால் மின்விசிறியோடு வீடே சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். கழுத்து எலும்பு தேய்மானம் என்று ஓரிடத்தில் பட்டை மாட்டிவிட்டார்கள். பலன் இல்லை.

பிறகு காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் என் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் தானாகத் துடித்தது. உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. அவை நேர்க்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர உதவுபவை. அவற்றில் சில இடம் பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டனவாம். தலை அசைவு நின்ற பிறகும் துகள் நகர்வதால், இன்னும் சுற்றுகிறோம் என்று மூளை நம்பிவிடுகிறது. எப்ளே என்ற அமெரிக்க மருத்துவர் 1992-ல் கட்டுரையாக வெளியிட்ட முறைப்படி, தலையை வரிசையாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே அனுப்பினார். செய்யும்போது பயங்கரமாகச் சுற்றியது, டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவு வலது பக்கம் புரண்டு படுத்தேன், சுற்றவில்லை. எந்தக் காது, எந்தக் குழல் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பதால், முதல் தடவை டாக்டரிடமே செய்துகொள்ளுங்கள்.

திருவொற்றியூர் பிசியோ:

மூன்று பேர் எழுதியதும் மூன்று வேறு விஷயங்கள். அதனால் டாக்டரிடம் போகும்போது வெறுமனே தலைசுற்றல் என்று சொல்லாதீர்கள். சுற்றுகிறதா, சாய்கிறதா, கண் இருட்டுகிறதா, எந்த நிலையில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். திடீரென்று தடுமாற்றத்தோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டாலோ, எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

தலைசுற்றல் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. உள்காது பாதிப்புக்குப் பிறகு மூளை தன்னைத் திருத்திக்கொள்ள, தவறான சேதியைக் கொஞ்சம் உணர்ந்தாக வேண்டும். அந்த வகை மாத்திரைகள் சில அதை அமுக்கி, தேறுவதைத் தாமதப்படுத்தும். கொருக்குப்பேட்டை மகளின் அம்மாவுக்கு, அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்து நிற்கும் பயிற்சியைத் தினமும் கொடுக்கலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது.

காசிமேடு அண்ணே, கெண்டைக்கால் விஷயம் முழுக்க உண்மை. கை இழுத்தால் உடம்பு முன்னால் போகும் என்று மூளைக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் கைக்குக் கட்டளை போகும்போதே காலுக்கும் போய், கால் தசை முந்திக்கொள்கிறது. பழகப் பழக இந்தக் கணக்கு கூர்மையாவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. கடல் ஆட்டத்துக்கான பழக்கமும் கற்றுக்கொண்டதுதான். இரண்டு மாதம் கரையில் இருந்தால் மூளை தரைக்குப் பழகிவிடுகிறது. முதல் நாள் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், டீசல் வாடை இல்லாத இடத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். புதுப் பையன்களை விட உங்களுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் திரும்பிவிடும், ஏற்கெனவே கற்றது என்பதால்.