கிளாரினெட் ஒரு சுரம் இறங்குகிறது, வயலின் உயிரில்லாமல் கேட்கிறது: உதவி தேவை

குளக்கரை (கிளிநொச்சி):
வணக்கம். வற்றாப்பளைக் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு அம்மன் பாட்டு செய்கிறேன். சுரத்தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4இல் வயலின், வியோலா, செலோ, கிளாரினெட், ஹோர்ண் எல்லாம் எழுதி, மிடியாக (ஒலி அல்ல, எந்தச் சுரத்தை எப்படி வாசிப்பது என்ற கட்டளைகள்) எடுத்து, ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரில் போட்டேன். மியூஸ்ஸ்கோரில் நீண்ட சுரங்கள் மெதுவாக எழும்பி வந்தன, ரீப்பரில் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. இன்னொன்று, நேற்று கிளாரினெட் வாசிக்க வந்த தம்பி அச்சடித்த தாளை அப்படியே வாசிக்க, பாட்டோடு சேரவே இல்லை. அவரில் பிழை இல்லை என்று தெரியும், எங்கே பிழை என்றுதான் தெரியவில்லை.

மாங்குளம் வயலின்:
தம்பி, தாள் கச்சேரிச் சுருதியில், அதாவது காதில் கேட்கும் சுருதியிலேயே, அச்சாகியிருக்கும். பி பிளாட் கிளாரினெட்டுக்கு ஸ எழுதினால் கீழேயுள்ள கைசிகி நிஷாதம்தான் கேட்கும். அதனால் பாட்டு டி மேஜர் என்றால் அவர் தாளில் ஈ மேஜர் இருக்க வேண்டும். எஃப் ஹோர்ண் இன்னும் கீழே, ஸ எழுதினால் கீழ் மத்திமம். நீங்கள் எழுதும்போது 'கன்சேர்ட் பிட்ச்' (கச்சேரிச் சுருதி) பொத்தான் போட்டபடி இருக்கட்டும், அச்சுக்கு முன் அணைத்துவிடுங்கள், ஒவ்வொருவரின் தாளையும் திறந்து பாருங்கள்.

குளக்கரை:
அணைத்ததும் ஈ மேஜர் வந்துவிட்டது அண்ணை! பெரிய உதவி. வயலினுக்கு?

பரந்தன் ஒலிப்பதிவு:
அது நான் சொல்கிறேன். மிடியில் வெலோசிட்டி என்பது சுரம் தொடங்கும்போது எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும், தொடங்கிய பிறகு சுரத்தை எழுப்ப அதற்கு வழியில்லை. வயலின் வில் நடுவழியில் அழுத்துவதைச் சொல்ல 1ஆம் அல்லது 11ஆம் கொன்ட்ரோலர் கோட்டை (சுரம் ஒலிக்கும்போதே அதை ஏற்றி இறக்கும் மிடிக் கட்டளை) ரீப்பரில் நீங்களே வரைய வேண்டும். எந்த எண் என்பது நீங்கள் பாவிக்கும் வாத்திய ஒலித்தொகுப்பைப் பொறுத்தது, பெரும்பாலும் 1. பிணைத்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி நிற்கட்டும், இல்லாவிட்டால் பல தொகுப்புகள் ஒவ்வொரு சுரத்தையும் புதிதாகத் தொடங்கும். மெதுவாக எழும் நரம்பொலி தாளத்துக்குப் பின்னால் விழுந்தால் அந்தத் தடத்தைச் சில மில்லிசெக்கன் முன்னால் தள்ளுங்கள். உடுக்கை மட்டும் மிடியில் வேண்டாம், தயவுசெய்து ஆளைக் கூப்பிட்டு நேரில் பதியுங்கள்.

குளக்கரை:
செலோவுக்கு மட்டும் 1ஆம் கோடு வரைந்து பார்த்தேன், எழும்புகிறது. கரண்ட் வந்ததும் மற்றவற்றையும் செய்கிறேன். உடுக்கைக்கு ஆள் சொல்லியாயிற்று, ஞாயிறு வருகிறார்.