சாப்பாட்டு மேசைக்கு முனைப்பலகை: பசை போட்டு இறுக்கலாமா?

கேள்வி: புதுஉளி

வீட்டிலேயே ஃபார்ம்ஹவுஸ் பாணியில் ஒரு சாப்பாட்டு மேசை செய்யப்போகிறேன். நீளம் 72 அங்குலம், அகலம் 37, உயரம் 30. பைன் மரம், 1½ அங்குல கனம், 5½ அங்குல அகலத்தில் 7 பலகை. இரண்டு முனையிலும் குறுக்காக ஒவ்வொரு பலகை (முனைப்பலகை). கால்கள் 3½ அங்குலச் சதுரக் கட்டை. வரைபடத்தில் முனைப்பலகைக்கு முழுக்கப் பசை தடவி, அடியிலிருந்து பாக்கெட் ஹோல் திருகு (சாய்வான துளை வழியே இறக்கும் திருகு) போடச் சொல்லியிருக்கிறார்கள். மேற்பலகையையும், கால்களை இணைக்கும் சட்டத்தோடு நேராகத் திருகிவிடச் சொல்கிறார்கள். இது நிற்குமா? கையில் வட்ட ரம்பம், டிரில், இழைப்புளி, உளி, 6 கிளாம்ப் உண்டு. ரவுட்டர் (காடி வெட்டும் மின்கருவி) இல்லை.

பதில் 1: நாரோட்டம்

நிற்காது. முதல் வறட்சிப் பருவத்திலேயே விரிசல் விடும்.

மரம் நீளவாட்டில் கூடுவதோ குறைவதோ இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாட்டில்தான் விளையாட்டு. பைன் பலகையில் ஈரப்பதம் 1% மாறினால் அகலம் சுமார் 0.25% மாறும். பருவத்துக்குப் பருவம் 4% மாறினால் 37 அங்குலத்தில் கிட்டத்தட்ட 9 மி.மீ. முனைப்பலகையின் நார் இந்த அகலத்தை ஒட்டி ஓடுவதால் அது அசையாது. இரண்டையும் முழுக்க ஒட்டினால் நடுப்பலகை பிளக்கும், அல்லது ஏதாவது ஓர் ஒட்டு வாய்விடும்.

முனைப்பலகை வேண்டுமென்றால் மேற்பலகை முனையில் அரை அங்குல கனத்தில் நாக்கு (முனைப்பலகைக்குள் நுழையும் மெல்லிய நீட்டம்) எடுங்கள். ரவுட்டர் தேவையில்லை: வட்ட ரம்பத்தின் ஆழத்தை அரை அங்குலத்துக்கு வைத்து, வழிகாட்டியாக நேரான கட்டை பிடித்து, மேற்பக்கமும் அடிப்பக்கமும் நெருக்கமாகக் கீறல் போட்டு உளியால் தட்டி எடுக்கலாம். பிறகு இரண்டு பக்கத்தையும் இழைப்புளியால் சமப்படுத்துங்கள். முனைப்பலகையில் அதற்கேற்ற துளைகளை டிரில்லால் போட்டு உளியால் சதுரப்படுத்துங்கள். பசை நடுவில் 4 அங்குலத்துக்கு மட்டும். ஓரங்களில் மரமுளை அடியுங்கள்; நாக்கில் அந்த முளைக்கான ஓட்டை, முளையின் விட்டத்தைவிட 10 மி.மீ. நீண்டு, மேசையின் அகலவாட்டில் இருக்க வேண்டும். முனைப்பலகையில் ஓட்டை வட்டமாகவே இருக்கட்டும்.

ஈரமான பருவத்தில் மேற்பலகை முனைப்பலகையைத் தாண்டி இரண்டு பக்கமும் சில மி.மீ. துருத்தும். அது தவறல்ல. அதைப் பார்த்துவிட்டு இழைத்துச் சமப்படுத்தாதீர்கள்.

மேற்பலகைக்கு நேர்த்திருகு வேண்டாம். சட்டத்தின் உள்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. கீழே ரம்பத்தால் ஒரு காடி (நீளப் பள்ளம்) போட்டு இசட் கிளிப் (மேற்பலகையைப் பிடிக்கும் Z வடிவ உலோகத் துண்டு) மாட்டுங்கள். சட்டத்தைப் பூட்டும் முன்பே காடி போட்டுவிடுங்கள்; பூட்டிய பிறகு ரம்பம் உள்ளே நுழையாது. நீளப்பக்கச் சட்டங்களில் கிளிப் காடிக்குள் முழுக்க முட்டக்கூடாது, 5 மி.மீ. இடம் விடுங்கள்.

பதில் 2: வைரம்பாய்ந்த கட்டை

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ரவுட்டர் இல்லாத முதல் மேசைக்கு முனைப்பலகையே எதற்கு? அது அழகுக்காகத்தான். 1½ அங்குல கனம், கீழே நாலு பக்கமும் சட்டம் இருந்தால் பலகை வளைவதை அதுவே அடக்கும்.

காலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 3½ அங்குலக் கட்டையில் பெரும்பாலும் மரத்தின் நடுத்தண்டு மாட்டிக்கொண்டு இருக்கும். உலர உலர அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும், காலும் முறுக்கிக்கொள்ளும். 1½ அங்குலப் பலகை இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி 3 அங்குலக் கால் செய்யுங்கள், தாராளம்.

சட்டத்தின் அகலம் 4 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். 30-இல் பலகைக்கு 1½, சட்டத்துக்கு 4 போனால் 24½ மிச்சம். அதற்குக் கீழே போனால் முழங்கால் இடிக்கும்.

புதுஉளி

முனைப்பலகையை விட்டுவிட்டேன். பலகைகளை ஒட்டுவதில் சந்தேகம்: ஓரத்தை எவ்வளவு இழைத்தாலும் இரண்டைச் சேர்த்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது.

பதில் 3: நாரோட்டம்

ஓரம் சரியான செங்கோணத்தில் இல்லை. சேர வேண்டிய இரண்டு பலகைகளைப் புத்தகம்போல மடித்துச் சேர்த்துப் பிடித்து, இரண்டு ஓரத்தையும் ஒரே இழைப்பில் இழையுங்கள். கோணம் 2 டிகிரி சாய்ந்தாலும் விரித்துச் சேர்க்கும்போது ஒன்று கூடியது மற்றதில் குறைந்து, மட்டமாக உட்காரும்.

ஏழையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். பசை சில நிமிடங்களிலேயே தோல் கட்டிவிடும். மூன்றும் நாலுமாகத் தனித்தனியே ஒட்டி, மறுநாள் இரண்டையும் சேருங்கள். 6 கிளாம்ப் போதும்: 12 அங்குலத்துக்கு ஒன்று, மேலே ஒன்று கீழே ஒன்று என மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் ஒரே பக்கம் மாட்டினால் பலகை தொட்டில்போல வளையும்.

வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்தால் நாருக்குள் இறங்கும். அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. ரப்பர் பதத்துக்கு வந்ததும் சுரண்டி எடுங்கள்.

பதில் 4: வைரம்பாய்ந்த கட்டை

ஒட்டிய மறுநாளே உப்புத்தாள் போடாதீர்கள். பசையின் தண்ணீரால் ஒட்டுக்கோடு உப்பியிருக்கும். அப்போது தேய்த்துச் சமமாக்கினால், காய்ந்தபின் கோடு பள்ளமாகத் தெரியும். மூன்று நாலு நாள் விட்டு 80, 120, 180 என்று போங்கள்.

பைன் சாயத்தைத் திட்டுத் திட்டாகக் குடிக்கும். முதலில் நீர்த்த ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு பூச்சு கொடுங்கள். அடிப்பக்கத்துக்கும் மேலே போட்ட அதே எண்ணிக்கையில் பூச்சு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பலகை கிண்ணம்போலக் குழியும். ஆளி விதை எண்ணெய் பூசுவதானால் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.