ஃப்ளூரைடு இல்லாத மினரல் பற்பசை: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

செந்தூல் அம்மா:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. மகனுக்கு நாலு வயது. பசையைத் துப்பவே மாட்டான், ஐஸ்கிரீம் மாதிரி விழுங்கிவிடுவான். அதனால்தான் ஃப்ளூரைடுக்குப் பதில் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் மினரல் போட்ட பசைக்கு மாறினேன். பல்லின் வெளிப்பூச்சான எனாமலே பெரும்பாலும் அந்தப் பொருள்தான், விழுங்கினாலும் பயமில்லை என்று எல்லாரும் சொல்வதுதானே. ஒரு டியூப் 45 ரிங்கிட். எட்டு மாதத்தில் கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு புள்ளி. டியூபையும் எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதை விளக்குக்கு அடியில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் படித்தார். "எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். எங்கேயும் எழுதவில்லை. எட்டு மாதமாக நானும் அதைப் பார்க்கவே இல்லை. பையன் பாவம், வாயைத் திறந்தபடியே படுத்திருந்தான்.

பட்டர்வொர்த் பையன்:
அக்கா, உங்களுக்குப் புள்ளியோடு போயிற்று. எங்கள் அக்கா மகளுக்குப் பால் ஆகாது, தயிர் பட்டாலே உதடு வீங்கும். பல்லில் வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டதற்கு, பல் தேய்த்த பிறகு பூசும் க்ரீம் ஒன்றைக் கொடுத்தார்கள், "கால்சியம்தான், மினரல்தான்" என்று. பூசிய கொஞ்ச நேரத்தில் மேலுதடு பலூன் மாதிரி ஆகிவிட்டது, அப்போதும் அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள், எங்களுக்குத்தான் கைகால் ஓடவில்லை. பெட்டியில் பொடி எழுத்தில் சிபிபி-ஏசிபி என்று இருந்தது. அது பாலில் உள்ள கேசீன் புரதத்திலிருந்து எடுப்பது. மினரல் என்றாலே கல்லும் மண்ணும் மட்டும் என்று நினைத்துவிட்டோம்.

பிறை மாமா:
நான் தோட்டத்தில் வளர்ந்தவன், உமிக்கரியும் உப்பும்தான், இன்றைக்கு முன்பல் தேய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் செந்தூல் தங்கச்சி, பசையை மட்டும் குறை சொல்லாதே. மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே ஃப்ளூரைடு இருக்கிறது, 2005இல் அதை 0.7 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 0.7 பங்கு) 0.5க்குக் குறைத்தார்கள். வீட்டில் ஆர்.ஓ. ஃபில்டர் வைத்திருந்தால் அதுவும் போய்விடும். அப்புறம், பயமில்லை என்பது வேறு, வேலை செய்கிறது என்பது வேறு. ஐரோப்பிய விஞ்ஞானக் குழு 2021இல் ஹைட்ராக்ஸிஅபடைட்டின் நானோ துகள், அதாவது மிக மிக நுண்ணிய தூள், பாதுகாப்பா என்று சொல்லத் தரவு போதாது என்றது. 2023இல்தான் பற்பசையில் 10 சதவீதம் வரை பாதுகாப்பு என்றது, அதுவும் கோல் வடிவத் துகளுக்கு, ஊசி வடிவத்துக்கு இல்லை. ஜப்பான்காரன் 1993இலேயே அதைச் சொத்தைக்கு எதிரான பொருளாக ஒத்துக்கொண்டான். பெரியவர்களிடம் 18 மாதம் சோதித்தபோது ஃப்ளூரைடுக்குக் குறையவில்லை என்று வந்தது, ஆனால் அந்த ஆய்வில் பசை செய்யும் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள். அதனால் சதவீதம் எழுதாததை வாங்காதே. ராத்திரி பால் புட்டி கொடுக்கிறாயா? மைலோ மாதிரி இனிப்புப் பானம்? அதை நிறுத்து. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு போதும், அதை விழுங்கினாலும்...

பிரிக்ஃபீல்ட்ஸ்:
மாமா, கொஞ்சம் மூச்சு விடுங்கள். அவர் ஃபில்டரைப் பற்றிப் பேசவே இல்லை. மினரல் என்று பெயர் வைத்தவை எல்லாமே ஒன்று மாதிரி பேசுகிறோம், எனக்கு அதுதான் எரிச்சல். ஆபீஸ் தோழி ஒருத்தி பெண்டோனைட் களிமண் பல்பொடி கொடுத்தாள், இயற்கை என்று. மூன்று நாள் தேய்த்தேன், கண்ணாடித் தூளை மென்ற மாதிரி நறநறவென்று ஒரு சத்தம், அது இன்னும் காதில் நிற்கிறது. பிறகுதான் தெரிந்தது, 2016இல் பெண்டோனைட் களிமண் பொருள்களில் ஈயம் கூடுதலாக இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருந்தது. ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கடையில் இரண்டும் ஒரே தட்டில், ஒரே பச்சை இலைப் படத்தோடு.

பிறை மாமா:
ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள், இயற்கையை ஒரேயடியாகத் தள்ளக்கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
உமிக்கரியும் இயற்கைதான் மாமா. உங்கள் முன்பல்லைக் கேளுங்கள்.

செந்தூல் அம்மா:
மாமா, எங்கள் வீட்டில் ஃபில்டர் இல்லை. மைலோ உண்டு, அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் சொன்னபடி இப்போது 1000 பிபிஎம் ஃப்ளூரைடு, பட்டாணி அளவு, பக்கத்திலேயே நின்று துப்ப வைக்கிறேன். தம்பி, பாப்பாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டதா? அதைச் சொல்லவே இல்லையே. பசைக் கம்பெனிக்கு மெசேஜ் போட்டு எத்தனை சதவீதம் என்று கேட்டேன். மூன்று நாள் கழித்து, அடுத்த டியூபுக்கு பத்து சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது.