புதுப்பிப்பு: அப்பாவின் இடது கால் செருப்பு

நடக்கும்போது அப்பாவுக்கு இடது கால் செருப்பு மட்டும் கழன்று விழுகிறது, வயசுதானா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சிடி ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் பிறை வடிவில் பழைய ரத்தம். ஆறு வாரம் முன்பு நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டார். தைலம் தேய்த்ததோடு சரி. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், அதற்கும் வெளியுறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியிலேயே கிழிந்து வாரக்கணக்கில் கசியுமாம். போதாக்குறைக்கு இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின், ரத்தத்தை எளிதில் உறையவிடாத மாத்திரை! நரம்புப் பாதைகள் எதிர்ப்பக்கம் கடப்பதால்தான் இடது கால் தளர்ந்தது. மண்டையோட்டில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். பழைய எஞ்சின் ஆயில் நிறம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் நடந்தார். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ரத்தம் மறுபடி சேரலாம் என்பதால் அடுத்த மாதம் இன்னொரு ஸ்கேன்.