பதில்: ஜீவா நினைவு வளைவு – தலைக்கு 15,000 ரூபாய்

அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

வசூல் மடல் பார்த்தேன். கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம், நம்ம ஜீவா பெயரில் கேட்டால் கொடுக்க நான் யோசிக்கவே மாட்டேன், ஆனால் வளைவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதிலும் பணம் கொடுத்தவர்கள் பெயரை இரண்டு தூணிலும் கல்லில் வெட்டப்போகிறோம் என்று துபாய் அத்தான் எழுதியிருக்கிறார். எம்.எல்.ஏ. ஆன பிறகும் தாம்பரத்தில் குடிசையில் இருந்தவருக்கு எதற்கு அத்தான் கிரானைட்? காமராஜர் தேடிப் போனபோது, இருந்த ஒரே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார் என்று சொல்வார்கள்.

"நம்ம ஊர்ப் பிள்ளை" என்ற பெருமை எனக்கும் உண்டு. 1907-ல் பூதப்பாண்டியில் சொரிமுத்து என்ற பெயரோடு பிறந்தவர்தான். ஆனால் தலித் நண்பரை மேல்சாதித் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு நடந்ததற்கு அன்றைக்கு என்ன எதிர்ப்பு வந்தது, அவர் ஏன் வீட்டை விட்டுப் போனார் என்பதையும் விழா மலரில் போடுங்கள். போன மலரில் அந்தப் பத்தியை யார் எடுக்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

சிராவயல் ஆசிரமத்தில் 1927-ல் காந்தி அவரிடம் சொத்து எவ்வளவு என்று கேட்ட கதையை வருஷா வருஷம் மேடையில் சொல்கிறோம். அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்குச் சிறை, 1937-ல் ஜனசக்தி பத்திரிகை, 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்ததும் தலைமறைவு, அப்புறம் 1952-ல் வண்ணாரப்பேட்டை மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். இத்தனைக்கும் நடுவில் கம்பனையும் பாரதியையும் மணிக்கணக்கில் பேசினார். எங்க அப்பா நாகர்கோவிலில் அந்தப் பேச்சைக் கேட்டவர், கட்சி பிடிக்காது, ஆனாலும் சாகும்வரை அந்தக் குரலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றம் ஆரம்பித்தார், 1963 ஜனவரி 18-ல் போய்விட்டார். 55 வயதுதான்.

சரி, பணத்துக்கு வருகிறேன். வாசகசாலைக் கூரைக்கு என்று வாங்கிய பணத்துக்கு இன்னும் கணக்கு வரவில்லை. ஊருக்குப் போன தங்கச்சி நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: மேற்குப் பக்கம் ஒழுகுகிறது, ஜீவா நடத்திய தாமரையின் பழைய இதழ்கள் ஒரு மூலையில் செல்லரித்துக் கிடக்கின்றன, விளக்கு எரியாததால் சாயங்காலம் பிள்ளைகள் வருவதில்லை. கணக்குக் கேட்டால் ஊர்ப்பற்று இல்லை என்கிறீர்கள். கோயில் கொடை வரவுசெலவைக் கேட்ட எங்க அப்பாவையும் நாலு பேர் முன்னால் இப்படித்தான் பேசினீர்கள். அவர் போய்விட்டார், நான் மறக்கவில்லை.

அதனால் வளைவை விடுங்கள். கூரையை ஒழுங்காகப் போடுவோம், அந்த இதழ்களில் மிஞ்சியதைக் கட்டுக்கட்டி வைப்போம், ஜீவா பிறந்த ஆகஸ்ட் 21-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைத்து முழுத்தொகையையும் புத்தகமாகவே பரிசு கொடுப்போம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரவேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்லில் யார் பெயரும் வேண்டாம், என் பெயரும் சேர்த்துத்தான்.

பழைய கூரைக் கணக்கை ரசீது எண்களோடு இந்தக் குழுவிலேயே போடுங்கள் அண்ணாச்சி. 15,000 இல்லை, 30,000 அனுப்புகிறேன்.