தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

சாட்ஸ்வர்த்காரன்:
தை மாதம் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. வரைபடத்தில் 7,100 கிலோமீட்டர்தான் காட்டுகிறது, டிக்கெட்டில் மட்டும் ஏன் 19 மணி நேரம்?

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்த 7,100 காக்கா பறக்கிற மாதிரி நேர்கோட்டுக் கணக்கு. நேரடி விமானம் இருந்தால் ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் இல்லையே. துபாய் வழியாகப் போனால், துபாய் வரை 6,600 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 2,900. பறப்பது எட்டரை மணி நேரமும் நாலு மணி நேரமும். நடுவில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் பதினைந்தரை. உங்கள் 19இல் கடிகார வித்தியாசமும் சேர்ந்திருக்கும், சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். மாலை 6:30க்குக் கிளம்பினால் மறுநாள் மதியம் 1:30க்கு இறங்குவீர்கள்.

சாட்ஸ்வர்த்காரன்:
சரி, இப்போது புரிகிறது அக்கா. ஜோகன்னஸ்பர்க் வழி மலிவாக இருக்கிறதே?

டோங்காட் மாமா:
வேண்டாம் தம்பி. அந்த வழியில் தனித்தனி டிக்கெட் எடுத்து ஒருமுறை மாட்டினேன், முதல் விமானம் தாமதம், அடுத்தது போயே போய்விட்டது, பணமும் போச்சு. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், சக்கர நாற்காலியை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் அம்மா சலித்துக்கொண்டால் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் இங்கே ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் கதையைச் சொல்லுங்கள், 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வர 35 நாள்!