கடைவீதிக்கு மண்டல மாற்றம் வந்தபோது என்ன நடந்தது? கடலோரப் பகுதிக்காரர்கள் சொல்லுங்கள்

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, பால்கனிக்கு அடியில் சிமென்ட் பெயர்ந்து விழுகிற கட்டடங்களை எத்தனை காலம்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுவது? எங்கள் தெருவில் சிக்கல் ஆரம்பித்தது நில வகைப்பாட்டை, அதாவது எந்த இடத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற மண்டல விதியை, மாற்றியதில்தான். ஒரு கட்டடம் என்றால் அது ஒரு உரிமையாளர் சமாசாரம், வகைப்பாடு மாறினால் தெருவில் இருக்கும் அத்தனை மனைக்கும் சேர்த்து, இன்னும் யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத கட்டடங்களுக்கும் சேர்த்து, இப்போதே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இந்த வித்தியாசம் எங்கள் ஆட்களுக்குப் புரியவே நாளாகிவிட்டது, ஏனென்றால் நாளிதழில் வந்த அறிவிப்பில் தெருப் பெயரே இல்லை, வெறும் சர்வே எண்கள். பக்கத்து வீட்டு அம்மா தன் பத்திரத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் "இது நம்ம தெருவாச்சே" என்று வாட்ஸ்அப்பில் போட்டார்.

தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். 2,400 சதுர அடி மனையில் குறியீடு 1.5 என்றால் 3,600 சதுர அடி கட்டலாம், அதை 3 ஆக்கினால் 7,200. பேப்பரில் ஒரே ஒரு எண் மாறுகிறது. அதற்குப் பின்னால் ஆட்கள், வண்டிகள், தண்ணீர், கழிவுநீர் எல்லாம் இரண்டு மடங்கு, தெருவின் அகலமும் அடியில் போகும் குழாயும் மட்டும் அதே அளவு.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு மாதிரி வடிவம் வைத்திருந்தார்கள். கடல் நீல அக்ரிலிக், மரங்கள் ஸ்பாஞ்சு, பார்க்கிங்கில் மொத்தம் நாலே கார். நிழல் வரைபடம் என்று ஒன்று காட்டினார்கள் பாருங்கள், அது உச்சி வேளைக்கு மட்டும் போட்டது. உச்சிவெயிலில் எந்தக் கட்டடத்துக்கு நீளமாக நிழல் விழும்? காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போட்ட படம் எங்கே என்று ஒரு பெரியவர் கேட்டார். வந்திருந்த கன்சல்டன்ட் லேப்டாப்பில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "அடுத்த கூட்டத்தில் தருகிறோம் சார்" என்றார். அடுத்த கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

*

வீட்டுக்காரர்கள் பேசிவிட்டீர்கள், கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். நான் வாடகைக்குக் கடை வைத்திருக்கிறேன். உரிமையாளருக்குப் பில்டரோடு ஒப்பந்தம், பத்திரம், பதிவு எல்லாம் உண்டு. எனக்கு "புதுக் கட்டடத்தில் முதல் கடை உங்களுக்குத்தான் அண்ணே" என்ற வாய்ச்சொல் மட்டும். சரி, எந்த அளவுக் கடை, என்ன வாடகை, கட்டி முடியும் வரை நான் எங்கே வியாபாரம் பண்ணுவது என்று கேட்டால் சிரிப்புதான் பதில். அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன், என் கடை இருக்கும் இடத்தில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சாய்தளம் வருகிறது! தரைத்தளம் முழுவதும் ஒரே பெரிய ஷோரூம். உயரத்தைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறீர்கள், ஆனால் தெருவில் நடந்து போகிறவர் பார்ப்பது முதல் பத்தடிதானே. தரைத்தளத்தில் எத்தனை சின்னக் கடைகள் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 11 கிளைக்கு மேல் போன சங்கிலிக் கடைகள் பல வணிகப் பகுதிகளில் தனி அனுமதி வாங்கித்தான் திறக்க முடியும், சில பகுதிகளில் திறக்கவே முடியாது.

*

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், அதனால் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: பேஸ்மென்ட். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது, எடை வித்தியாசம் மிகக் குறைவு. நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் இருக்கும் உப்பு நீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலே வர வாய்ப்புண்டு, பாடப்புத்தகக் கணக்குதான் இது. இப்போது பள்ளம் தோண்டிவிட்டு ராத்திரி பகலாக மோட்டார் வைத்து இறைப்பதை நினைத்துப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போன பிறகுதான் அவர்கள் சண்டைக்கு வந்தார்கள், முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தோண்டுவதற்கு முன்பே டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, அளந்து எழுதி வையுங்கள், சுவரில் இருக்கும் விரிசலைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கடற்கரையை ஒட்டி என்ன கட்டலாம், கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு 1991-இல் வந்தது, பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் எஃப்.எஸ்.ஐ.-யைப் பழைய அளவிலேயே பூட்டி வைத்திருந்தார்கள், 2019-இல் அந்தப் பூட்டு திறந்துவிட்டது. கடலோரக் கடைவீதிகளில் பில்டர்களுக்குத் திடீரென்று ஆர்வம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

எல்லோரும் திட்டினாலும் சொல்கிறேன். பாரம்பரியம், நிழல், காற்று என்று பேசுகிறவர்களில் பாதிப்பேருக்கு உண்மையான கவலை தங்கள் மாடியிலிருந்து கடல் தெரியாமல் போகுமே என்பதுதான். எங்கள் பகுதியில் எதையும் கட்டவிடாமல் தடுத்ததில் என்ன ஆயிற்று? வாடகை ஏறியது, அந்தக் கடைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். கடைக்கு மேலே நாலு மாடி வீடு வந்தால் அவர்களும் இங்கேயே இருக்கலாமே. ஆட்சேபணை எழுதும்போது இவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா?

*

முதலில் எழுதியவன்தான். மேலே சொன்ன நண்பரின் கேள்வி நியாயமானது, எங்கள் சங்கத்தில் அப்படி யாரையும் கேட்கவில்லை. கடைசியில் நாங்களும் கூடுதல் மாடிகளுக்குச் சம்மதித்தோம், நிபந்தனைகளோடு. மேல்தளங்கள் தெருவிலிருந்து உள்வாங்கி இருக்க வேண்டும், மழைநீர் வடிகாலை அகலப்படுத்திய பிறகுதான் நிறைவுச் சான்றிதழ், கடலுக்குப் போகும் சந்து பொதுவழியாகவே இருக்க வேண்டும். இந்தச் சந்து விஷயத்தில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். "நாங்கள் ஏன் சார் அடைக்கப் போகிறோம்" என்று வாயால் சொன்னார்கள், எழுத்தில் தரச் சொன்னதும் பாதுகாப்பு, பராமரிப்பு என்று இழுத்தார்கள். ஸ்பெயினில் 1988-இல் வந்த கடற்கரைச் சட்டம் கரையை ஒட்டி 6 மீட்டர் அகலத்துக்கு மக்கள் நடக்க வழி விடச் சொல்கிறது, அதை அச்செடுத்து மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். அது உதவியதா, நச்சரிப்பு தாங்காமல் விட்டார்களா, யாருக்குத் தெரியும். உத்தரவில் "கதவோ தடுப்போ அமைக்கக் கூடாது" என்ற வரி வந்துவிட்டது.

இப்போது முக்குக் கடை மனைக்கு அடுத்த விண்ணப்பம் போயிருக்கிறது, உள்வாங்கும் நிபந்தனையிலிருந்து விலக்கு வேண்டுமாம், மனை சின்னது என்பது காரணம். இதே மாதிரி விலக்குக் கோரிக்கையை எதிர்த்து எழுதியவர்கள் இங்கே இருந்தால் மனுவின் நகலைப் பெயர், முகவரியை மறைத்துவிட்டுப் போடுங்கள். கெடு நெருங்குகிறது.